ஏலா பள்ளத்தாக்கும் இரு படைகளும்

தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதை தமிழர்க்குப் புதிதன்று; வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே அதனைத் தேம்பாவணியில் பாடியுள்ளார். ஆயினும் பெலிஸ்தர் போருக்கெனத் திரண்டதைக் கூறும் 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை வாசகர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அரக்கனின் உயரமும் சிறுவனின் கவணுமே கதை என்பது அவர்தம் எண்ணம். அது பொருந்துவதன்று. கதையின் முடிச்சு அம்மூன்று வசனங்களிலேயே உள்ளது.

பெலிஸ்தர் கூடிய சோக்கோ, யூதாவுக்கு உரிய ஊர். கடற்கரைச் சமவெளியினர் அங்கே கூடினர் எனின், அயல்மண்ணில் புகுந்துவிட்டனர் என்பதே பொருள். ஏலா பள்ளத்தாக்கோ சமவெளியிலிருந்து யூதாவின் மலைநாட்டுக்கு ஏறும் வழி. அது பறிபோயின் தாவீதின் பெத்லெகேமுக்கும் காப்பில்லை. நம் புறத்திணை மரபில் கூறுவதாயின், வஞ்சி நிகழ்ந்துவிட்டது, தும்பை தொடங்கவில்லை.

ஏன் தொடங்கவில்லை? ஒரு மலைமேல் ஒரு படை, எதிர்மலைமேல் மறு படை, நடுவே பள்ளத்தாக்கு. இதற்குக் கேமரன் மலையின் கியா பார்ம் வட்டாரத்தார்க்கு உரை வேண்டா. அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் நிற்பவர்க்கு எதிர்ச்சரிவு கண்ணெதிரே தெரியும். அதனை அடையவோ இறங்கி ஏறவேண்டும். கொழுந்து மூட்டை சுமந்து மேடேறியவர் அதன் பாட்டை அறிவர். முதலில் இறங்கி ஏறும் படை, மேலே காத்து நிற்பவர்க்கு இரையாகும். ஆகவேதான் இரு படைகளும் அசையாது நின்றன. ஆகவேதான் ஒருவனுக்கு ஒருவன் என்னும் சவாலும் எழுந்தது.

கோலியாத்தின் பேருருவமே இஸ்ரவேலரை முடக்கியது என்பாரும் உளர். தமிழ் வேதாகமத்தில் அவன் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வத்திக்கான் சுவடியும், 1952இல் கண்டறியப்பட்ட கும்ரான் 4ஆம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளும் நான்கு முழமும் ஒரு சாணும் என்றே கூறுகின்றன. அஃது ஏறத்தாழ ஆறேமுக்கால் அடி; நெட்டையன்தான், பூதம் அல்லன். மேலும், அவன் சொற்களைக் கேட்டே சவுலும் மக்களும் கலங்கினர் என்கிறது 11ஆம் வசனம். அவனைக் கண்டு ஓடினர் என்னும் 24ஆம் வசனம் வத்திக்கான் சுவடியில் இல்லை.

ஆதலின் தாவீதின் அருஞ்செயல் கல்லெறிதலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தன் மக்கள் எவரும் இறங்க அஞ்சிய பள்ளத்தில் அவன் இறங்கினான். ஐந்து கூழாங்கற்களையும் அவன் அங்கிருந்த ஓடையிலிருந்தே எடுத்தான்.