நூல் இணைத்ததும் வலை பிரித்ததும்

ஆரணிப் பட்டுச் சேலை ஓர் ஊரின் பொருளன்று. அதற்கான பட்டு இழை பெரிதும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே ராமநகரம், சிட்லகட்டா போன்ற ஊர்களில் கூட்டிலிருந்து இழை எடுக்கும் தொழிலில் முஸ்லிம்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். ஜரிகைக்குப் பெயர்பெற்றது சூரத். நெய்பவர் திருவண்ணாமலை மாவட்டத்து நெசவாளர். உடுத்துவோருள் இந்து மணமகளும் உண்டு, முஸ்லிம் மணமகளும் உண்டு. இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே சமூகங்களைப் பிணைத்திருந்த வலை இது.

பண்பாடுகளை இணைப்பதாகக் கூறிக்கொண்டு வந்த புதிய வலை இந்தப் பழைய பிணைப்பை வலுப்படுத்தியிருக்கிறதா?

துணி வணிகத்திலேயே ஒரு சான்று உண்டு. 2021 அக்டோபரில் ஃபேப்இந்தியா நிறுவனம் தன் ஆடைத் தொகுப்பொன்றுக்கு 'ஜஷ்னே ரிவாஸ்' என்று உருதுப் பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. தீபாவளியின் அடையாளத்தை அது சிதைப்பதாக ட்விட்டரில் எதிர்ப்பு கிளம்பியது. புறக்கணிப்பு அழைப்பும் எழுந்தது. நிறுவனம் அப்பதிவை நீக்கிவிட்டது. இழையில் முஸ்லிமின் உழைப்பு இருக்கலாம். ஆடையின் பெயரில் அவர் மொழியின் சாயல் இருத்தலாகாது என்பதே இதன் பொருள்.

இதைவிடக் கொடியது 2020இல் நடந்தது. நிஜாமுத்தீன் தப்லீக் ஒன்றுகூடலை அடுத்து 'கொரோனா ஜிஹாத்' என்னும் சொல் சில நாட்களிலேயே நாடெங்கும் பரவியது. தெருவில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிம்களும் அதற்கு விலை கொடுத்தனர். வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர் மீதான வழக்குகளை ரத்துசெய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக்கூடும் எனச் சுட்டியது. ஆனால் அத்தீர்ப்பு வந்தது ஆகஸ்டில். பொய்யைப் பரப்பிய கைகள் எல்லாம் தீர்ப்பையும் பரப்பினவா?

ஏற்றத்தாழ்வும் இதே வழியில் வளர்கிறது. ஆரணிப் பட்டுக்குத் தனிப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆயினும் புகழ்பெற்ற பெயரைத் தட்டச்சு செய்து தேடுவோரின் திரையில் காஞ்சிபுரமே முன்னிற்கும். ஆரணி அதன் நிழலில் ஒதுங்கும். கைத்தறியையும் விசைத்தறியையும் விரல் வேறுபடுத்தி அறியலாம், படம் அறிவிப்பதில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு மட்டுமே. சேலை திரைக்கு வந்துவிட்டது. அதை நெய்த பெண்களுள் பலர் திரைக்கு வெளியேதான் நிற்கின்றனர்.

தொழில்நுட்பம் வெறும் கருவி, குற்றம் மனிதருடையது என்பர். இதில் உண்மை உண்டு. வாட்ஸ்அப்பில் வடிவமைப்பைக் காட்டி வெளியூர் வணிகரிடம் நேரே பேரம் பேசும் நெசவாளருக்கு அது நன்மையே. எனினும் எதை முன்னிறுத்துவது, எதை மறைப்பது என்று முடிவுசெய்யும் கருவியை நடுநிலையானது என்று எவ்வாறு கொள்வது?

மனிதகுலம் பல சமூகங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:13). அந்த அறிதல் இருவழியானது. காண்பவரும் காணப்படுபவரும் பேச வாய்ப்புப் பெறும்போதே அது நிறைவேறும். அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஆணையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என எச்சரிக்கிறது.

இந்த எச்சரிக்கை பிறருக்கு மட்டும் உரியதன்று. வந்த செய்தியைப் படித்துமுடிக்கும் முன்பே அடுத்த குழுவுக்கு அனுப்பும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. ஆரணிச் சேலையை வேற்றூர்ப் பெயரில் விற்கும் வணிகர் எச்சமயத்தவராயினும் அவர் செய்வது அளவில் மோசடியே. நம்மைப் பற்றிய பொய்யைக் கண்டு கொதிக்கும் நாம், பிறர் உழைப்பின் பெயர் மறைக்கப்படும்போதும் கொதிக்கக் கடமைப்பட்டவர்கள். அடுத்த நிக்காஹுக்குச் சேலை எடுக்கும்போது, இது எந்த ஊரில், எந்தத் தறியில், யாரால் நெய்யப்பட்டது என்று கடைக்காரரிடம் கேட்போம். நம்மைப் பற்றிப் பிறரும் அவ்வாறே விசாரித்தறிய வேண்டும் என்று கோரும் தகுதி அதன்பின்னரே நமக்கு வரும்.