ஒளியின் ஆலயமும் சபையாரின் முகமும்

ஆலயம் ஒன்றைக் கட்ட முற்படும் சபை, நிலம், நிதி, இருக்கைகளின் எண்ணிக்கை, கோபுரத்தின் உயரம் ஆகியவற்றைப் பற்றி நெடுநாள் ஆராய்வது வழக்கம். ஒளியைப் பற்றிய ஆலோசனையோ பெரும்பாலும் இறுதிக் கூட்டத்திலேயே எழுகின்றது; அதுவும் எத்தனை குழல் விளக்குகள் வேண்டும் என்னும் கணக்கோடு முடிந்துவிடுகின்றது. ஆயினும், ஓர் ஆலயத்துள் ஒளி எத்திசையிலிருந்து வருகின்றது, எவற்றின்மீது விழுகின்றது, எவற்றை இருளில் விட்டுவிடுகின்றது என்பன வழிபாட்டின் தன்மையைத் தீர்மானிக்கும் வினாக்கள் ஆகும். கட்டடக் கலையில் ஒளியமைப்பு தனியொரு துறையாக வளர்ந்துள்ள இக்காலத்தில், திருப்பணியாளர்கள் அத்துறையின் மொழியை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். ஆகவே, ஒளியாலேயே பெயர் பெற்றதும், நம்மைப் போன்ற சீர்திருத்தச் சபையாருக்காகக் கட்டப்பட்டதுமான ஓர் ஆலயத்தை ஈண்டு எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

1. ஆலயமும் அதன் அமைப்பும்

ஜப்பான் நாட்டில் ஒசாகாவை அடுத்துள்ள இபராகி நகரின் குடியிருப்புப் பகுதி ஒன்றில், ஜப்பான் ஐக்கிய கிறிஸ்து சபையைச் சார்ந்த ஒரு சிறு சபைக்காக 1989-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டதே ‘ஒளியின் ஆலயம்’ என்று உலகெங்கும் அறியப்படும் கட்டடம். இதனை வடிவமைத்தவர் டடாவோ ஆண்டோ. 1941-இல் பிறந்த இவர், கல்லூரியில் முறையாகக் கட்டடக்கலை பயிலாது தாமே கற்றுத் தேர்ந்தவர்; 1995-இல் கட்டடக்கலைக்குரிய பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றவர். இபராகிக்கு முன்னர் ரொக்கோ மலைமீது 1986-இலும், ஹொக்கைடோ தீவின் தொமாமு என்னுமிடத்தில் 1988-இலும் இவர் அமைத்த சிற்றாலயங்கள் விடுதிகளைச் சார்ந்தவை. திருமண நிகழ்ச்சிகளைக் கருதிக் கட்டப்பட்டவை. இபராகியிலோ ஞாயிறுதோறும் கூடும் உண்மையான சபை ஒன்று இருந்தது. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சபையிடம் பணம் மிகுதியாக இல்லை. கூரையை இப்போதைக்கு விட்டுவிட்டு, நிதி சேர்ந்த பின்னர் வேய்ந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் எண்ணப்பட்டதாகக் கூறுவர். கட்டி முடிந்தபோது கிடைத்தது, சுமார் 113 சதுர மீட்டர் பரப்புடைய ஒரு கான்கிரீட் பெட்டி. பூச்சோ வண்ணமோ அதில் இல்லை. தரைக்கும் இருக்கைகளுக்கும், கட்டட வேலையில் சாரம் கட்டுவதற்குப் பயன்படும் முரட்டுப் பலகைகளே கருநிறமாக்கப்பட்டுப் பயன்பட்டன. தரை, நுழைவிடத்திலிருந்து பலிபீடத்தை நோக்கிப் படிப்படியாகத் தாழ்ந்து செல்கின்றது. ஒரு சுவர் 15 பாகை சாய்வாக இப்பெட்டியை ஊடுருவுகின்றது. அது வெட்டிச்செல்லும் இடத்தில் பக்கவாட்டு வெளிச்சம் சிறிது உள்ளே வருகின்றது.

பலிபீடத்தின் பின்னேயுள்ள சுவரில், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் இரு நீண்ட பிளவுகள் விடப்பட்டுள்ளன. இரண்டும் கூடிச் சிலுவையாகின்றன. மரத்தாலோ உலோகத்தாலோ செய்து மாட்டப்பட்ட சிலுவை அன்று அது. சுவர் இல்லாத இடமே சிலுவை. அவ்விடத்தின் வழியே வெளியுலகின் பகலொளி உள்ளே பாய்கின்றது. சூரியன் நகர நகர, தரையிலும் சுவரிலும் விழும் ஒளிக்கோடுகளும் நகர்கின்றன.

2. ஒளியை ஆராய மூன்று சொற்கள்

இவ்வொளியைத் திறனாய்வு செய்ய நமக்குச் சில சொற்கள் தேவை. அமெரிக்காவில் கட்டட ஒளியமைப்பை ஒரு துறையாக நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவரான ரிச்சர்டு கெல்லி (1910–1977), 1952-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒளியை மூவகையாகப் பிரித்தார். முதலாவது, எங்கும் சீராகப் பரவி நிழலை அழிக்கும் பரந்த ஒளி. மேகமூட்டமான பகலில் வெட்டவெளியில் நிற்பவர் இதனை அறிவர். இரண்டாவது, ஒன்றைத் தேர்ந்து அதன்மீது கண்ணை நிறுத்தும் குவிந்த ஒளி. படிக்கும் மேசைமீதுள்ள விளக்கு இத்தகையது. மூன்றாவது, தானே காட்சியாகி உள்ளத்தைக் கிளரச் செய்யும் மின்னும் ஒளி. அலைமீது துள்ளும் கதிரும், வரிசையாக ஏற்றிய மெழுகுதிரிகளும் இதற்கு எடுத்துக்காட்டு. முதலாவது இடத்தைக் காட்டுகின்றது. இரண்டாவது பொருளைக் காட்டுகின்றது. மூன்றாவது தன்னையே காட்டுகின்றது. நல்ல அமைப்பில் மூன்றும் தக்க அளவில் கலந்திருக்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், இபராகியில் பரந்த ஒளி வேண்டுமென்றே மிகவும் குறைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கண் இருளுக்குப் பழகும்போது அதன் பாவை விரிகின்றது. அந்நிலையில் மெல்லிய பிளவு ஒன்றின் வெளிச்சமும் பேரொளியாகத் தோன்றும். ஒளியின் அளவைக் கூட்டாமல், சுற்றிலும் இருளைக் கூட்டி ஒளியை வல்லமையுள்ளதாக்கியதே ஆண்டோவின் திறம். வறிய சபையின் சிறு கட்டடம் செலவின்றிப் பெற்ற பெருஞ்செல்வம் இது. ஒளி இருளிலே பிரகாசிக்கின்றது என்னும் யோவான் நற்செய்தியின் முகவுரையை, இதைவிடச் சுருக்கமாகக் கான்கிரீட்டில் எழுதிவிட முடியாது.

3. திருச்சபை மரபில் இரு வழிகள்

எனினும், பாராட்டோடு நாம் நின்றுவிடலாகாது. திருச்சபையின் வரலாற்றில் ஒளியைப் பற்றிய இருவேறு கருத்துகள் தொடர்ந்து வந்துள்ளன. பாரிசு நகருக்கருகில் புனித தெனி ஆலயத்தின் கிழக்குப் பகுதியைப் புதுப்பித்து 1144-இல் பிரதிட்டை செய்வித்த மடாதிபதி சூஜே, வண்ணக் கண்ணாடியினூடே வரும் ஒளி, காண்போர் உள்ளத்தைப் பொருளுலகினின்று மேலுலகுக்கு உயர்த்தும் என நம்பினார். அவ்வழியில் ஒளி, ஏறிச்செல்லும் ஏணியாகின்றது.

சீர்திருத்தச் சபைகள் வேறு வழியை மேற்கொண்டன. சூரிக் நகரில் 1524-இல் ஆலயங்களினின்று உருவங்கள் அகற்றப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. நெதர்லாந்து ஆலயங்களின் உட்புறத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் வரைந்த பீட்டர் சான்ரெடாமின் ஓவியங்களில், நிறமற்ற கண்ணாடி வழியே வரும் பகலொளி வெள்ளைச் சுவர்களிற் பட்டு எங்கும் பரவுவதைக் காண்கின்றோம். மறைநூலை மக்கள் தம் மொழியில் படிக்கவும், பாடல் நூலைத் திறந்து பாடவும், போதிப்பவரைக் கண்டு கேட்கவும் வேண்டியிருந்தது. அங்கு ஒளி, ஏணியாகாது விளக்காயிற்று. அதாவது பயன்படு பொருளாயிற்று.

திருமறையும் இவ்விரண்டாம் வழிக்கே பெரிதும் துணைநிற்பதாக நாம் கருதுகின்றோம். சங்கீதக்காரர் இறைவசனத்தைத் தம் கால்களுக்குத் தீபம் என்கின்றார் (சங். 119:105). கால்களுக்குரிய தீபம் பார்க்கப்படுவதற்காக ஏற்றப்படுவதன்று. வழியைப் பார்ப்பதற்காக ஏற்றப்படுவது. துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவுவரை பேசிய மேல்வீட்டில் அநேக விளக்குகள் இருந்தன என லூக்கா குறிப்பிடுவதும் (அப். 20:8) கூடியிருந்தோரின் தேவையைக் காட்டுகின்றது. ஆரோனின் ஆசீர்வாதத்தில் ஒளிவீசுவது ஆண்டவரின் முகம் (எண். 6:25). தேவமகிமையின் அறிவாகிய ஒளி கிறிஸ்துவின் முகத்தில் விளங்குகின்றது என்பது பவுலின் கூற்று (2 கொரி. 4:6). ஒளியும் முகமும் திருமறையில் இவ்வாறு இணைந்து வருதலை நோக்கும்போது, ஆலயத்து ஒளியைக் குறித்து நாம் கேட்கவேண்டிய முதல் வினா தெளிவாகின்றது: இவ்வொளியில் யாருடைய முகம் தெரிகின்றது?

4. சிலுவையின் முன் நிற்பவர்

இவ்வினாவை இபராகியில் கேட்டால் இருவகை விடை கிடைக்கின்றது. ஒளி முன்சுவரிலிருந்து வருவதால் அது நேரே சபையாரின் முகங்களில் விழுகின்றது. போதகரோ அவ்வொளிக்கு முதுகு காட்டி நிற்கின்றார். மிக வெளிச்சமான பின்புலத்தின்முன் நிற்கும் மனிதன் கரிய நிழலுருவாகத் தோன்றுவான் என்பது கண்ணின் இயல்பு. ஆகவே போதகர் மக்களின் முகங்களைத் தெளிவாகக் காண்கின்றார். மக்கள் அவர் முகத்தைத் தெளிவாகக் காண்பதில்லை. பக்கவாட்டு வெளிச்சம் இதனை ஓரளவு தணிக்கக்கூடும், முற்றும் நீக்காது.

இதில் ஆழ்ந்த நன்மை ஒன்று உண்டு. தரை தாழ்ந்து செல்வதால், போதகர் சபையாருக்கு மேலே உயர்ந்து நிற்பதில்லை. அவர்களுக்குக் கீழேயே நிற்கின்றார். யோவான்ஸ்நானன் தான் அந்த ஒளியல்லன், ஒளியைக் குறித்துச் சாட்சி கொடுக்க வந்தவனே என்று நற்செய்தி கூறும் நிலை இங்குக் கண்கூடாகின்றது. பிரசங்கியின்மீது எல்லா விளக்குகளையும் திருப்பி, சபையாரை இருளில் அமர்த்தி, வழிபாட்டை அரங்கக் காட்சியாக்கும் இக்காலப் போக்கிற்கு இது தக்க மறுப்பாகும்.

ஆயினும் இழப்பும் உண்டு. செவிப்புலன் குன்றியோர் பேசுபவரின் உதடுகளைப் பார்த்தே சொற்களைப் பற்றிக்கொள்கின்றனர். திருவிருந்தில் அப்பம் பிட்கப்படுவதைக் காண்பதும் நற்செய்தியைக் கேட்பதன் ஒரு பகுதியே. மேலும், அறுபது வயதினரின் விழித்திரைக்குச் சென்றுசேரும் ஒளி, இருபது வயதினருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எனக் கண்ணியல் அறிஞர் கூறுவர். இளைஞனுக்கு அமைதி தரும் மங்கலான ஒளி, பாட்டியின் கையிலுள்ள பாடல் நூலை மூடிவிடும். இவ்வாலயத்தைப் புகழ்பெறச் செய்த நிழற்படங்கள் பெரும்பாலானவற்றில் இருக்கைகள் வெறுமையாக இருக்கின்றன. அப்படங்களில் பாட்டியும் இல்லை; பாடல் நூலும் இல்லை. வெற்று ஆலயத்தின் அழகை, வழிபடும் ஆலயத்தின் அழகென்று மயங்குதல் திறனாய்வுக்குப் பொருந்தாது.

5. கண்ணாடியைப் பற்றிய வழக்கு

இம்முரண்பாடு ஓர் உண்மையான வழக்காகவே வெளிப்பட்டது. சிலுவையாகிய பிளவில் கண்ணாடி பொருத்தலாகாது என்பது ஆண்டோவின் விருப்பம். ஒளியோடு காற்றும் குளிரும் உள்ளே வரவேண்டும் என்று அவர் எண்ணினார். ஒசாகாப் பகுதியின் குளிர்காலத்தில் அசையாது அமர்ந்திருக்கவேண்டியவர்களோ சபையார். கண்ணாடி பொருத்தப்பட்டது. என்றேனும் ஒருநாள் அதனை அகற்ற வேண்டும் என்னும் தம் ஆவலை ஆண்டோ பின்னரும் பலமுறை வெளியிட்டுள்ளார். 2017-இல் டோக்கியோ தேசியக் கலை மையத்தில் அவருடைய படைப்புகளின் கண்காட்சி நடைபெற்றபோது, இவ்வாலயம் முழு அளவில் மீண்டும் கட்டிக் காட்டப்பட்டது. அதில் சிலுவைக்குக் கண்ணாடி இல்லை.

கலைஞரின் பக்கத்து நியாயத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. கண்ணாடி ஒளியைச் சிறிது பிரதிபலிக்கின்றது. பிளவின் தூய்மையைக் குறைக்கின்றது. உலகத்திற்கும் ஆலயத்திற்கும் இடையே ஒரு திரையை வைக்கின்றது. துன்பத்தின் குளிரை உணராத சிலுவை எளிதில் அலங்காரமாகிவிடும் என்று வாதிடுவோரும் உண்டு. இவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது.

ஆனால் இந்த வழக்கில் சபையாரின் பக்கமே நிற்கின்றோம். கண்காட்சியில் திறந்த சிலுவையின்முன் வந்தோர் சிறிதுநேரம் நின்று சென்றவர்கள். இபராகியின் சபையாரோ குளிர்காலத்திலும் வாரந்தோறும் திரும்பி வந்தவர்கள்; முதியோரையும் குழந்தைகளையும் அழைத்து வந்தவர்கள். பிறர் தன் தத்துவத்திற்காகக் குளிரில் நடுங்கவேண்டும் என்று கோரும் சிலுவை, தன்னையே கொடுத்தவரின் சிலுவையாகுமோ? துன்பத்தைத் தானே ஏற்பது சீடத்துவம். அதனைப் பலவீனர்மீது ஏற்றுவது வேறொன்று. மெல்லிய கண்ணாடித் தகட்டால் ஒளி சிறிது குறைந்தாலும், அக்குறைவு அச்சபையின் அன்பிற்குச் சான்றாக அச்சுவரில் இருப்பதாகவே நாம் காண்கின்றோம்.

6. நம் ஆலயங்களுக்கு

கான்கிரீட்டில் பிளவு விட்டு இபராகியைப் பின்பற்றுமாறு நாம் எவரையும் தூண்டவில்லை. நம் நாட்டின் வெயில் வேறு. நேர்க்கதிரைத் தடுத்து, நிழலினூடே பரந்த ஒளியைப் பெறுவதற்கான தாழ்வாரமும் ஆழ்ந்த சன்னலும் நமக்குரியவை. எனினும் சில பாடங்கள் பொதுவானவை. முதலாவது, விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் ஒளி பெருகுவதில்லை. மூடாக்கின்றிக் கண்ணெதிரே எரியும் விளக்கு, தன்னை மட்டுமே காட்டி மற்றவற்றை மறைத்துவிடும். இரண்டாவது, பலிபீடத்தின் பின்சுவரில் வண்ண விளக்குகளை ஓடவிடும் சபைகள், இபராகியின் குறையைத் தாம் மேற்கொண்டு, அதன் நிறைவை விட்டுவிடுகின்றன. போதகரின் முகம் இருண்டுபோகின்றது, அமைதியும் கிடைப்பதில்லை. பேசுபவரின் முகம் தெரிய வேண்டுமாயின், முன்புறத்தில் இருபக்கமும் சுமார் 45 பாகை உயரத்திலிருந்து மெல்லிய ஒளி விழச் செய்வது மேடைக்கலையினர் நெடுநாளாகக் கையாளும் எளிய முறை. மூன்றாவது, மறைநூலையும் பாடல் நூலையும் திறக்கும் கைகளுக்குப் போதிய ஒளி வேண்டும். அதனைச் சோதிக்கத் தக்கவர் கட்டடக் குழுவின் தலைவர் அல்லர், கடைசி இருக்கையில் அமரும் முதியவரே.

டடாவோ ஆண்டோ நமக்குப் பேரொளி ஒன்றைக் காட்டினார். அச்சிறு சபையார் அவ்வொளிக்குக் கண்ணாடி இட்டனர். இறையியல் மாணவர் இவ்விரு செயல்களையும் ஒருங்கே வைத்து ஆராய்வாராக. தாம் நாளை பொறுப்பேற்கும் சபையில், ஓய்வுநாள் மாலையில் விளக்குகளை ஏற்றிவைத்து, கடைசி வரிசையில் சென்று அமர்ந்து, யாருடைய முகம் தெரிகின்றது என்று பார்ப்பாராக. ஆலயத்தின் ஒளியைப் பற்றிய ஆலோசனை அங்கிருந்து தொடங்குமாயின், அது சரியான இடத்தில் தொடங்கியதாகும்.