சுருக்கப்பட்ட மனச்சாட்சி

1898ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள். சூடான் நாட்டின் ஓம்துர்மான் வெளியிலே கலீபா அப்துல்லாஹியின் படையைப் பிரித்தானிய - எகிப்தியப் படை எதிர்கொண்டது. நண்பகலாகுமுன் சூடானியர் பத்தாயிரவருக்கு மேல் மாண்டனர். எதிர்த்தரப்பில் இறந்தோர் ஏறத்தாழ 50 பேரே. இதனைப் போர் என்பதா, மாக்சிம் துப்பாக்கியின் அறுவடை என்பதா?

அன்று 21ஆவது ஈட்டிக் குதிரைப்படையோடு பாய்ந்தவர்களுள் 23 வயது அதிகாரி ஒருவரும் இருந்தார். அவரே வின்ஸ்டன் சேர்ச்சில். படைவீரராகவும் பத்திரிகை நிருபராகவும் ஒருங்கே சென்ற அவர், 1899இல் ‘நதிப் போர்’ என்னும் நூலை இரு பாகங்களாக வெளியிட்டார்.

இந்நூலை வெறும் ஏகாதிபத்தியப் புகழ்மாலை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையான விமர்சனமாகாது. மஹ்தியின் கிளர்ச்சிக்கு எகிப்திய ஆட்சியின் கொடுமையும் ஊழலும் காரணமென அவர் ஒப்புக்கொள்கிறார். பகைவரின் வீரத்தை மனமாரப் போற்றுகிறார். மஹ்தியின் கல்லறையை இடித்து அவரது உடலை அவமதித்த தளபதி கிச்சினரின் செயலைக் கண்டிக்கிறார். காயமுற்றோர் கொல்லப்பட்டமை வெற்றிக்கே இழுக்கு எனத் தாய்க்கு எழுதிய கடிதத்தில் மனம் நொந்துகொள்கிறார்.

இத்தகைய மனச்சாட்சி எங்கே தடைப்படுகிறது? வென்ற முறையை வினவும் அவர், வெல்லும் உரிமையை வினவவில்லை. ஏனெனில் மனித குலத்தை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் எனத் தரம் பிரிக்கும் நோக்கு அவர் சிந்தனையின் அடித்தளமாக உள்ளது. சூடானின் மக்களை அறிமுகஞ் செய்யும் முதல் அத்தியாயத்திலேயே, அராபியரும் கறுப்பினத்தவரும் கலந்ததனால் இழிந்த, கொடிய இனமொன்று தோன்றியதென எழுதுகிறார். இவ்வாறு வகுத்தபின் அம்மக்களின் அழிவு அநீதியாகத் தோன்றாது. வரலாற்றின் தவிர்க்கமுடியாத நியதியாகவே தோன்றும். பகைவனின் வீரத்துக்கு அவர் செலுத்தும் மரியாதை, இறந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதையே. உயிரோடு தன் நாட்டைத் தானே ஆளும் உரிமை அவனுக்கில்லை.

1902இல் இந்நூல் ஒரே பாகமாகச் சுருக்கப்பட்டது. அதற்குள் ஆசிரியர் பாராளுமன்ற உறுப்பினராகியிருந்தார். கிச்சினர் மீதான கண்டனங்கள் நீக்கப்பட்டன. ஆனால் இனங்களைத் தரம் பிரித்த அந்தப் பகுதி நீங்காது நின்றது. சுருக்கத்தின் காரணம் எதுவாயினும், எது கைவிடத்தக்கது, எது காக்கத்தக்கது என்ற தெரிவு ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கிறது. நண்பர்களைச் சங்கடப்படுத்திய உண்மை நீங்கியது. எவரையும் சங்கடப்படுத்தாத பொய் நிலைத்தது.

1953இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவரின் உரைநடை அழகை மறுக்கவேண்டியதில்லை. அதனை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக் கற்பிக்கட்டும்: இவ்வழகிய வாக்கியங்களில் பெயரின்றி வீழ்ந்துகிடக்கும் பத்தாயிரவர் எழுதியிருந்தால், இந்நூலின் முதல் அத்தியாயம் எவ்வாறு தொடங்கியிருக்கும்?