பால்வாடிகளை வரிசைப்படுத்துவதில் உள்ள பிழை

நிதி ஆயோக் 2018 ஜனவரியில் தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். அதே ஆண்டு டிசம்பரில், மாவட்டங்கள் கண்ட முன்னேற்றத்தை ஒப்பிட்டு வெளியான டெல்டா தரவரிசையில் விருதுநகர் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அன்றிலிருந்து வரிசைப்படுத்தும் வழக்கம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. 2023-இல் 500 ஒன்றியங்களுக்கென்று தனித் திட்டம் வந்தது. அங்கன்வாடிகளுக்கான போஷண் டிராக்கர் செயலி மையம் வாரியாக எண்களைத் தருவதால், விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே சிவகாசியையும் நரிக்குடியையும், வெம்பக்கோட்டையையும் வத்திராயிருப்பையும், ஒரு தெருப் பால்வாடியையும் அடுத்த தெருப் பால்வாடியையும் அருகருகே நிறுத்தி எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வலுத்திருக்கிறது. போட்டி வந்தால் பொறுப்பு வரும் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். அங்கன்வாடிகளைப் பொறுத்தவரை இந்த வாதம் தவறு என்பதே என் கருத்து.

இந்த முறையால் விளைந்த நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. வாடகை அறையில் நடந்த மையத்துக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்ற கோரிக்கை ஆட்சியர் மேசைவரை போனதற்கு அந்த எண்களும் ஒரு காரணம். எடைக்கருவி பழுதானால் கேள்வி எழுகிறது. ஆங்கிலப் பெயர்ப்பலகை மாட்டிய தனியார் மழலையர் பள்ளிகள் தங்களைப் பற்றி எந்தக் கணக்கும் வெளியிடாத நிலையில், அரசு மையங்களாவது கணக்குக் காட்டுகின்றன. இவை நல்லவை, இருக்கட்டும்.

ஆனால் எதை எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும். முன்னேற விழையும் மாவட்டங்களுக்கான 49 குறியீடுகளில், சொந்தக் கட்டடம் உள்ள அங்கன்வாடிகளின் விகிதம் இருக்கிறது. கல்விப் பிரிவில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளின் கற்றல் அடைவு இருக்கிறது. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை பால்வாடியில் என்ன பெற்றது என்று கேட்கும் குறியீடு ஒன்றுகூட இல்லை. அதாவது, அங்கன்வாடி அங்கே முன்பருவப் பள்ளியாகக் கருதப்படவே இல்லை. ஒரு கட்டடமாகவும், எடை பார்த்து உணவு வழங்கும் இடமாகவும் மட்டுமே பட்டியலில் ஏறியிருக்கிறது. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே ஊட்டச்சத்தோடும் தடுப்பூசியோடும் முன்பருவக் கல்வியும் அதன் கடமைகளில் ஒன்றாக எழுதப்பட்டது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று மாதவாரியான பாடத்திட்டத்தைத் தமிழ்நாடு உருவாக்கியிருக்கிறது. அந்தப் பாடத்திட்டம் ஒரு மையத்தில் உண்மையில் நடக்கிறதா என்பதைத் தரவரிசையால் சொல்ல முடியாது.

எண்ணப்படாததை எண்ணத் தொடங்கினால் போதும் என்று இதற்கு எளிதாகத் தீர்வு சொல்லிவிடலாம். குறை அதைவிட ஆழமானது. பால்வாடியில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். குறு மையமாக இருந்தால் பல இடங்களில் அந்த உதவியாளரும் இல்லை. சமையலும் சுத்தமும் உதவியாளரின் பொறுப்பு. மற்ற எல்லாம் பணியாளரின் தலையில் விழுகின்றன: கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, சத்துமாவு வழங்குவது, எடையும் உயரமும் அளப்பது, வீடுகளுக்குப் போய்வருவது, பதிவேடுகளை எழுதுவது, அவற்றையே மறுபடி கைப்பேசியில் ஏற்றுவது, பல ஊர்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை பார்ப்பது. இப்போது பயனாளிகளின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்ப்பதும் சேர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் கதையும் பாட்டும், வண்ணமும் வடிவமும். தரவரிசைக்குத் தேவையான ஒவ்வொரு புதிய எண்ணையும் தருபவர் இவர்தான். அதற்கான நிமிடங்கள் குழந்தைகளிடமிருந்தே எடுக்கப்படுகின்றன. ஒப்பீடு எந்தத் தரத்தை உயர்த்த வந்ததாகச் சொல்லிக்கொள்கிறதோ, அந்தத் தரத்துக்கு ஆதாரமான நேரத்தையே அது செலவழிக்கிறது. தன் மையம் கடைசியில் நிற்கக் கூடாதே என்று அஞ்சும் பணியாளர் முதலில் முடிப்பது பதிவேற்றத்தை. பாட்டு காத்திருக்கும். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. மேலிருந்து எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் அவர் தருகிறார்.

இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே வலுவான சான்று இருக்கிறது. அலெஜாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் இங்குள்ள 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் பாதியில் மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு அந்த மையங்களின் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதோடு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு உடல்நல வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே அதற்குக் காரணம். அந்த மையங்களில் மாறியது ஆள்பலம். போட்டியோ வரிசை எண்ணோ அங்கே வேலை செய்யவில்லை. இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, மையத்தை மையத்தோடு மோதவிடும் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுப் பகுதியில் இந்தத் தவறு இன்னும் கடுமையாகிறது. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டிய தொழில் இது. ஆலை வேன்கள் அதிகாலையிலேயே கிராமங்களுக்கு வந்துவிடுகின்றன. குழாய் உருட்டவும் சரம் பின்னவும் போகும் தாய், பால்வாடி திறப்பதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. ஆனால் வெடிமருந்து இருக்கும் வளாகத்தின் அருகில் குழந்தையை வைத்துக்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள். துணியவும் கூடாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஆகவே பட்டாசுத் தொழிலாளியின் குழந்தைக்கு ஊர்ப் பால்வாடி ஒன்றுதான் காப்பகம், ஒன்றுதான் பள்ளி. அது திறக்காத நேரத்தில் குழந்தை பாட்டியிடம் இருக்கிறது, அல்லது அக்காவிடம் இருக்கிறது. அந்த அக்காவின் படிப்பு அங்கே கெடுகிறது. தாயில்பட்டி பக்கம், சட்டத்துக்குப் புறம்பாகப் பட்டாசு செய்யும் வீடுகள் வெடித்த செய்திகளையும் படித்திருக்கிறோம். பால்வாடி மூடியிருக்கும் நேரத்தில் குழந்தை இருக்கும் இடம் அப்படி ஒரு வீடாகவும் இருக்கலாம். ஆகவே வெம்பக்கோட்டையில் ஒரு மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது குழந்தையின் உயிரைத் தொடும் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பட்டியலில் இடமே இல்லை. அதே பட்டியல், தொழிலும் வேலைநேரமும் வேறான நரிக்குடியின் மானாவாரிக் கிராமத்தையும் திருத்தங்கலின் ஆலைத் தெருவையும் ஒரே கோலால் அளந்து, ஒன்றைப் பாராட்டி மற்றதைக் கடிந்துகொள்கிறது.

வரிசை இல்லாவிட்டால் யாரும் அசைய மாட்டார்கள் என்பார்கள். அசைவு வேண்டியது நிதி ஒதுக்குபவரிடம். குறைந்த ஊதியம் வாங்கும் ஒரு பெண்ணிடம் தாழ்ந்த எண்ணுக்காக விளக்கம் கேட்பதால் அவருடைய நாளில் ஒரு மணி நேரம் கூடிவிடாது. மூன்று வயதுக் குழந்தைக்குத் தேர்வு வைக்க முடியுமா என்பார்கள். முடியாது, வைக்கவும் கூடாது. அதனால்தான் குழந்தையை அளக்காமல், பெரியவர்கள் அதற்குக் கொடுத்த நேரத்தை அளக்கச் சொல்கிறேன். 2023-இல் வந்த ‘போஷண் பி பதாய் பி’ திட்டம் அன்றாடம் இரண்டு மணி நேர முன்பருவக் கல்வியை வலியுறுத்துகிறதே என்றும் சொல்வார்கள். வலியுறுத்தல் நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நடத்தக் கூடுதலாக ஓர் ஆளைத் தராமல், பயிற்சியை மட்டும் தந்துவிட்டு, பழைய பணிகளில் ஒன்றையும் குறைக்காமல் விடுகிற உத்தரவு காகிதத்திலேயே நின்றுவிடும்.

மாவட்டத்தின் பால்வாடிகளை ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் மூன்று கேள்விகள் போதும். தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் மையம் திறந்திருக்கிறதா? குழந்தைகளோடு மட்டும் இருப்பதற்கென்று ஓர் ஆள் இருக்கிறாரா? பாட்டுக்கும் கதைக்கும் விளையாட்டுக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? இவற்றை அந்தப் பணியாளரே நிரப்பக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து, ஆண்டுக்குச் சில நாட்கள் மையத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிடைக்கும் விடையை வைத்து மையங்களுக்கு இடம் கொடுக்காமல், ஆளும் பணமும் முதலில் எங்கே போக வேண்டும் என்று அரசு முடிவு செய்ய வேண்டும். பின்தங்கிய மையம் என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அரசு அதற்குக் கடன்பட்டிருக்கிறது என்று பொருள். கடன்பட்டவர் கடன் கொடுத்தவருக்கு மதிப்பெண் போடும் ஏற்பாடாகவே இன்றைய தரவரிசை இருக்கிறது. ஆலைக்குப் போகும் பெண்களின் உழைப்பில் வளர்ந்த மாவட்டம், அவர்களின் குழந்தைகளுக்கு முதலில் தர வேண்டியது அதிகாலையில் திறக்கும் கதவும், பதிவேட்டைப் பார்க்காமல் குழந்தையைப் பார்க்கும் ஓர் ஆசிரியரும்தான்.