காணிக்கைக்குக் கணக்கு இல்லையா?

ஆலைத் தொழிலாளி பெறுவது கூலி. ஆசிரியர் பெறுவது ஊதியம். வழக்கறிஞர் பெறுவது கட்டணம். அருளுரை கூறுவோர் பெறுவதற்கு மட்டும் காணிக்கை என்று பெயர்! பெயர் மாறினால் பணத்தின் தன்மையும் மாறிவிடுமோ? பக்தியால் தந்ததில் பங்கு கேட்க அரசு யார் என்று வினவுவோர் உளர். அவ்வாதத்தை உரைத்துப் பார்ப்போம்.

திருவிதாங்கூரில் காவல்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் கிருஷ்ண மேனன். ஆத்மானந்தர் என்னும் பெயரில் வேதாந்தம் போதித்தார். கடல் கடந்தும் சீடர்கள் வந்தனர். ஆங்கிலேயச் சீடர் ஒருவர் 1944-இல் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைக் குருவின் பேரில் வங்கியில் சேர்த்தார். பின்னரும் பணம் வந்தது. வரித்துறை வரி கேட்டது. பொருளுக்காகப் போதிக்கவில்லை, வந்தது அன்பளிப்பே என்று வாதிட்டார் குரு. 1958-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: பொருளீட்டும் நோக்கம் இல்லாவிடினும் போதிப்பது தொழிலே, அதன் பயனாய் வந்த பணம் வருமானமே!

கவனியுங்கள், தோழர்களே! மன்றம் வேதாந்தத்தை எடை போடவில்லை. குருவின் தூய்மையை ஐயுறவும் இல்லை. போதனையால் வந்த பணமா, அன்றா என்பதை மட்டுமே ஆராய்ந்தது.

அமெரிக்காவிலும் இதே வாதம் எழுந்தது. கைம்மாறு கருதாத பெருந்தன்மையில் பிறப்பதே அன்பளிப்பு என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1960-இல் வரையறுத்தது. அயோவா மாநிலத்துத் திருச்சபை ஒன்றில், ஆண்டுக்கு மூன்று சிறப்பு நாட்களில் உறையிலிட்ட ரொக்கம் திரட்டிப் போதகருக்கு அளித்தனர். கொடுத்தவர் யாரென்று அவர் அறியார்; எனவே பரிசு என்றனர். 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறைந்த சம்பளத்தில் அவரை நிறுத்தி வைக்க இப்பணமே துணை என்பதைச் சபை அறியும். ஆகவே இது ஊதியமே என்றது.

ஏழைப் பூசாரியின் தட்டுக் காசையும் பறிப்பதா என்று கண்ணீர் வடிப்பர் சிலர். வருமானம் வரம்புக்குள் இருப்பவர் எத்தொழில் புரிந்தாலும் வரி கட்ட வேண்டியதில்லையே! ஏழையைக் கேடயமாக்கிச் செல்வக் குருமாரைக் காப்பது நேர்மையாகுமா?

இன்னொரு வாசலும் திறந்து கிடக்கிறது. பெயரில்லா நன்கொடை பெறும் அறநிறுவனங்களுக்கு 30 விழுக்காடு வரி என 2006-இல் நம் நாட்டில் சட்டம் வந்தது. முற்றிலும் சமயத்துக்காக அமைந்தவற்றுக்கோ விலக்கு! நிறுவனப் பணத்தை நடத்துபவர் தமக்காகச் செலவிடச் சட்டம் இடம் தரவில்லை, உண்மைதான். ஆயினும் கொடுத்தவர் பெயரே இல்லாத பணத்தில், பெட்டிக்குப் போனது எவ்வளவு, பைக்குப் போனது எவ்வளவு என்று எதைக் கொண்டு சரிபார்ப்பது?

நம்புவோர் கொடுக்கட்டும், அது அவர்தம் உரிமை. பெறுவோர் கணக்குக் காட்டட்டும். அது அவர்தம் கடமை. சம்பளச் சீட்டிலேயே வரி பிடிக்கப்பட்டு வீடு திரும்பும் ஆசிரியர் கேட்கிறார்: உலகையே துறந்தவர்க்கு, ஒரு வரி வரவெழுத மட்டும் ஏன் தயக்கம்?