பொய்ம்மொழியும் நீதிக்கதையும்

‘நீதிக்கதை’ என்று நாம் சொல்லும்போதே கதைக்கு முன்னால் நீதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிற மொழிகள் பலவற்றில் இப்படியில்லை. லத்தீனின் ஃபாபுலா, ‘பேசு’ என்ற வினையிலிருந்து பிறந்தது. பேசுவதற்கே ஸ்பானியர்கள் அந்த வழியில்தான் சொல் எடுத்துக்கொண்டார்கள். ருஷ்யரின் பாஸ்னியா, வடமொழியின் கதா இரண்டும் சொல்லுதலை ஒட்டியவை. சீனரின் யூயென் மட்டும் தனி: இன்னொன்றினுள் தங்கவைத்த சொல். நீதி இவற்றில் எதிலும் இல்லை.

நம்மிடமும் முன்பு இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை வகைப்படுத்தும்போது, பொருளற்ற பொய்ம்மொழி என்றும் பொருளோடு கூடிய நகைமொழி என்றும் இரண்டைச் சொல்கிறது. முன்னதற்குப் பேராசிரியர் காட்டும் உதாரணம், யானையும் குருவியும் நட்பாகி எங்கோ போன கதை. பொய் என்று ஒப்புக்கொண்டே அதற்கு இலக்கணத்தில் இடம் தந்த இந்தத் துணிச்சல் நம் பாடப்புத்தகங்களுக்கு வாய்க்கவில்லை.

மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில், ஒரு பையனுக்கு ஈசாப்பின் கழுதைக் கதையைச் சொன்னேன். உப்பு மூட்டையோடு ஆற்றில் விழுந்து பாரம் குறைந்த கழுதை, அடுத்த முறை பஞ்சு மூட்டையோடு வேண்டுமென்றே விழுந்து மாட்டிக்கொள்கிறது. (மூலத்தில் அது கடற்பஞ்சு, தமிழுக்கு வந்தபோது கடல் போய்விட்டது.) பாத்தியில் உப்பு வாரிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அவன் அம்மா கேட்டாள்: “அந்த உப்ப வாரினவங்களுக்குக் கூலி குடுத்துட்டாங்களா சார்?”

எந்தப் பதிப்பின் நீதியிலும் இந்தக் கேள்வி இல்லை. ‘ஏமாற்றாதே’ என்பது மூட்டைக்காரரின் நீதி. ஈசாப் அடிமையாக இருந்தவன் என்கிறார் ஹெரடோட்டஸ். விடுதலை பெற்ற அடிமையான ஃபீட்ரஸோ, வெளிப்படையாகப் பேச அஞ்சிய அடிமைகள் கண்ட வடிவம் இது என்றே எழுதிவைத்தார். அந்த மறைபேச்சை எஜமான் அறிவுரையாக மாற்றிய வேலையில் ‘நீதிக்கதை’ என்ற பெயருக்கும் பங்குண்டு. அகநானூற்றிலும் உப்பு சுமக்கும் கழுதைகள் வருகின்றன. அங்கே கவிஞர் அவற்றின் தேய்ந்த குளம்பைப் பார்க்கிறார், உபதேசம் செய்யவில்லை.

புதுக்கவிதையில் ஒரு காகமோ பல்லியோ தலைகாட்டினால், ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று உடனே விசாரிக்கும் நம் விமர்சகர்களும் அந்தப் பாடப்புத்தகத்தைத் தாண்டி வந்துவிடவில்லை.

பேச்சுத் தமிழில் பொய்ம்மொழி இன்னும் பிழைத்திருக்கிறது, வசையாக. தவணை கட்ட முடியாத அளத்துக்காரர் கவுண்டரில் மழையைப் பற்றிச் சொன்னபோது, ‘கதை விடாதீங்க’ என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடையில் மழை பெய்து பாத்திகள் கரைந்தது உண்மை.