விசா யார் பேர்ல?

‘ஆடுஜீவிதம்’ 2024-ல் தியேட்டருக்கு வந்தபோது, பிருத்விராஜின் எலும்பும் தோலுமான உடம்பைப் பார்த்து உங்களைப் போலவே நானும் கண் கலங்கியவன்தான். சமீபத்தில் ராயகிரியில் பெரியப்பா மகன் வீட்டில் டி.வி-யில் இரண்டாவது முறை பார்த்தேன். அண்ணன் பதினான்கு வருஷம் ரியாத்தில் வீட்டு டிரைவராக இருந்தவர். பாலைவனம், பாம்பு, தாகம்... எதற்கும் அசையவில்லை. மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஜெயில் காட்சி. தப்பி வந்த நஜீபை, ஆடு மேய்க்க வைத்துக் கொடுமைப்படுத்திய அந்த முதலாளி அடையாளம் கண்டுகொள்கிறான். ஆனால், விட்டுவிட்டுப் போகிறான். நஜீப் அவன் விசாவில் வந்தவன் இல்லையாம். வந்திருந்தால், தரதரவென இழுத்துப் போயிருப்பான்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதாம்டே படம். மத்ததெல்லாம் மணலு!”

யோசித்துப் பாருங்கள். ஏர்போர்ட்டிலிருந்து அநியாயமாக ஆளைக் கொண்டுபோனவனிடமிருந்து தப்ப முடிகிறது. முறைப்படி விசா எடுத்த முதலாளி என்றால் தப்ப வழியே இல்லை! பென்யாமினின் 2008-ம் வருட நாவல் தொடங்குவதே, ‘எங்களைப் பிடித்து உள்ளே போட மாட்டார்களா’ என்று இருவர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்து நிற்பதில்தான். இயக்குநர் பிளெஸ்ஸியோ மணலுக்கு மணிக்கணக்கில் இடம் கொடுத்துவிட்டு, காகிதத்தைச் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறார். நமக்குப் பாலைவனம்தான் வில்லனாகத் தெரிகிறது.

நான் படித்த பி.காம். பாடத்தில், இரண்டு பக்கமும் மனமுவந்து சம்மதித்தால்தான் ஒப்பந்தம். கஃபாலா முறையில் வேலை, தங்கும் அனுமதி, ஊர் திரும்பும் அனுமதி மூன்றும் கஃபீல் என்கிற ஒரே ஆள் கையில். ‘ஓடிப்போய்விட்டான்’ என்று அவர் புகார் கொடுத்தால் போதும். அதற்குப் பெயர் ஹுரூப். உழைத்தவன் குற்றவாளி!

‘அதெல்லாம் தொண்ணூறுகளில் நடந்தது சார்’ என்பீர்கள். 2021 மார்ச்சில் சவூதி அரசு சீர்திருத்தம் கொண்டுவந்தது உண்மை. முதலாளி சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம், ஊருக்குப் போகலாம். நல்லதுதான். ஆனால், வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், காவலாளி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர்... இவர்களை அந்தச் சலுகையில் சேர்க்கவில்லை. யாருக்கு அவசரமோ, அவர்களுக்கு இல்லை!

படத்தைப் பாருங்கள். அழுங்கள், தப்பில்லை. அழுது முடித்ததும் அந்த ஜெயில் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

வளைகுடாவுக்குக் கிளம்பும் பையன்களிடம் ஊரே கேட்பது, “சம்பளம் எவ்வளவு?” அண்ணன் மட்டும் வேறு கேட்கிறார்: “விசா யார் பேர்ல? என்ன வேலைன்னு போட்டிருக்கான்?”